மூக்கில்லாத இயந்திரத்துக்குக் குழாய் வந்தது

எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையான அண்ணன், பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு மேலே இருக்கும் தோட்டமொன்றின் மேற்பிரிவு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் அறையில் வேலை செய்தார். அம்மா மலையில் கொழுந்தெடுத்தார். அண்ணனுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. வெகுகாலம் கழித்து நான் பிறந்தபோது அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது. அவர் தோளில் உட்கார்ந்துதான் நான் முதன்முதலாகத் தேர் பார்த்தேன்.

நினைவு மலர்க் கட்டுரையை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அண்ணி சொன்னார். தொடங்கிவிட்டேன். இதே நிதானத்தோடு முடிப்பேனா என்று தெரியவில்லை. இந்த ஒரு வருடமாக எனக்குள் இருப்பது துக்கம் மட்டும் இல்லை. கோபமும் இருக்கிறது. இறந்தவருக்கான மலரில் கோபத்தை அச்சடிக்கலாமா, அண்ணனுக்கு அது மரியாதையாகுமா என்று பலமுறை யோசித்தேன். எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். இப்போதும் சரியாகத்தான் செய்கிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்த மலருக்கு முதலில் கட்டுரை எழுதித் தந்தவர், கொழும்பில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்யும் எங்கள் சித்தப்பா மகன். எனக்குத் தம்பி முறை. நல்ல பிள்ளை. அழகான தமிழில் எழுதியிருந்தார். 'இயந்திர யுகத்தின் வேகத்தில் தன் கைத்தொழில் கரைந்துபோனதைத் தாங்க முடியாமல் அண்ணன் மனமுடைந்து மறைந்தார்' என்று அதில் ஒரு வரி இருந்தது. சாவு வீட்டிலும் இதையே பலர் சொன்னார்கள். "மெஷின் உள்ள வந்துச்சு, மனுசன் வெளிய போயிட்டாரு" என்று வாசலில் யாரோ சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

இன்றைக்குச் சொல்கிறேன். அண்ணன் மனமுடைந்து இறக்கவில்லை. அவர் தொழில் கரையவும் இல்லை. அவர் படுக்கையில் விழுந்த நாளிலும் அவர் மேசையில் செய்ய வேண்டிய வேலை குவிந்து கிடந்தது. அண்ணன், மூக்குக்குள்ளே வளர்ந்த புற்றுநோயால் இறந்தார்.

அண்ணன் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அப்பாவுக்கு ரோலர் அறையில் கை நசுங்கிப்போன பிறகு வீட்டுக்கு ஒரு சம்பளம் தேவைப்பட்டது. ரயில் கார்டாக வேண்டும், வெள்ளைச் சட்டை போட்டுப் பச்சைக் கொடி காட்ட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. மரத்தின் மீது அவருக்குத் தனிக் காதலெல்லாம் இருக்கவில்லை. ஹட்டன் பக்கத்தில் ஒரு வார்ப்புப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். அங்கே 'பேட்டன்' என்கிற மர அச்சு செய்யும் பகுதியில் இடம் இருந்தது, சேர்ந்தார். கடைசி வரையில் அங்கேயே இருந்தார்.

அண்ணன் செய்த வேலை என்னவென்று நம் உறவினரிலேயே பலருக்குத் தெரியாது. நாற்காலி, மேசை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு கல்யாணச் சீருக்கு அலுமாரி கேட்டு வந்தவர்கள் உண்டு. நம் தோட்டங்களில் உள்ள தேயிலை இயந்திரங்கள் பல வெள்ளைக்காரன் காலத்தவை. அவற்றில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் கடையில் வாங்க முடியாது. உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டிப் பட்டறைக்கு அனுப்புவார்கள். அண்ணன் அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, முழுச் சக்கரம் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, அதைத் தேக்கிலோ மஹோகனியிலோ செய்வார். அந்த மர அச்சை மண்ணுக்குள் அழுத்தி எடுத்தால் மண்ணில் அதே வடிவத்தில் பள்ளம் விழும். அதில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள்.

இரும்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கிவிடும். ஆகவே மர அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். அதற்கென்று அண்ணனிடம் ஒரு எஃகு அடிமட்டம் இருந்தது. பார்த்தால் சாதாரண அடிமட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு அங்குலமும் வழக்கமான அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளம். இதைத் தெரியாமல் எங்கள் சித்தப்பா ஒருமுறை லயத்து வீட்டுக்குப் புதுக்கதவு செய்ய அதை எடுத்துவிட்டார். வாசலைச் சாதாரண அளவு நாடாவால் அளந்தார், பலகையை அண்ணனின் அடிமட்டத்தால் அளந்து அறுத்தார். கதவு வாசலுக்குள் போகவே மாட்டேன் என்று நின்றது. லயமே கூடி வேடிக்கை பார்த்தது. அண்ணன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒங்க மேல தப்பே இல்ல சித்தப்பா. இது இரும்புக் கதவா இருந்தா, ஆறுனதும் கச்சிதமா உக்காந்துருக்கும். கொஞ்சம் ஆற விடுங்க."

"போடா, என்னய நக்கல் பண்றான் பாரு" என்று சித்தப்பா அடிக்க ஓடினார். சித்தி இறக்கும்வரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அண்ணன் இப்படித்தான். ஊமையாக உழைத்துவிட்டுப் போன மனிதராக அவரை யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருக்கு வாய் அதிகம். கிரிக்கெட் நடந்தால் வேலைக்குக் காதில் ரேடியோவோடு போவார். சட்டை கசங்கியிருந்தால் கொட்டகலைக் கடைத்தெருவுக்குக்கூட இறங்க மாட்டார். என்னைக் கொட்டகலையில் உயர்தரம் வரை படிக்க வைத்தார். பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும் என்பதால், பரீட்சை நாட்களில் தானே முச்சக்கர வண்டி பிடித்து வந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார். தன் பட்டறையிலேயே மண் அச்சுப் பிடிக்கும் வேலை செய்த ஒருவரை எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்தவரும் அவர்தான். "நான் மரம், அவன் மண்ணு. நான் செய்யிறது அவன் கையிலதான் நிக்கிது. தெரியாதவனுக்கா ஒன்னயக் குடுக்குறேன்?" என்று கேட்டார்.

அண்ணன் வேலை செய்த அறை, பட்டறையின் பின்பக்கத்தில் மலையை வெட்டிய சுவரோடு ஒட்டியிருந்தது. ஒரு ஜன்னல். மழைக்காலத்தில் அதையும் சாத்திவிடுவார்கள். ஈரக்காற்று பட்டால் மரம் உப்பி அளவு மாறிவிடும். நம் பக்கத்தில் மழைக்காலம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மூடிய அறைக்குள் மணல்தாள் சக்கரத்தில் தேக்கையும் மஹோகனியையும் தேய்த்துக்கொண்டிருப்பார். மாவு போன்ற தூள். அது எங்கேயும் போகாது. அண்ணன் வீட்டுக்கு வந்தால் காது மடலில், புருவத்தில், கழுத்துச் சங்கிலியின் கண்ணிகளில் எல்லாம் சிவப்பாகப் படிந்திருக்கும். அண்ணி அவருடைய கைக்குட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பார்.

அண்ணன் கேட்காமல் இருக்கவில்லை. அதை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும். தூளை வெளியே இழுக்கும் காற்றாடி ஒன்று வேண்டும், ஒரு குழாய் வைத்துச் சுவரில் ஓட்டை போட்டால் போதும் என்று முதலாளியிடம் கேட்டார். ஒருமுறை இல்லை. முதலாளி மோசமானவர் இல்லை. அண்ணனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்ன பதிலை என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

"தம்பி, இந்தப் பேட்டன் வேலையெல்லாம் இன்னும் ரெண்டு வருசந்தான். கம்ப்யூட்டர் மெஷின் வந்துரும். அப்பறம் இந்த ரூமையே ஒடச்சிருவேன். ஒடைக்கப் போற ரூமுக்கு எதுக்குப்பா ஃபேன்?"

"அதுவரைக்கும் நான் மூச்சு விடணுமே மொதலாளி."

"நீ பேசுற பேச்சுக்கு ஒனக்கு மூச்சு கொறையுதுன்னு யாரு நம்புவா?"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அண்ணனும் சிரித்திருக்கிறார்.

அடுத்த வருடமும் அந்த 'ரெண்டு வருசம்' ரெண்டு வருசமாகவே இருந்தது. அதற்கு அடுத்த வருடமும் அப்படியே. அண்ணனின் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்த ரெண்டு வருசம் குறையவில்லை.

சித்தப்பா மகனும் இதே பாட்டைப் பாடினார். அக்கறையோடுதான் பாடினார். ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுப் பக்கத்தைத் திறந்து காட்டினார். எந்தெந்த வேலைகளை இயந்திரம் பிடித்துக்கொள்ளும் என்று கணித்துச் சொல்லும் பக்கம். மர அச்சு செய்பவர்களுக்கு நேரே சிவப்பு நிறத்தில் ஒரு கோடு கடைசி வரைக்கும் போயிருந்தது.

"அண்ணே, இதுக்கு எதிர்காலமே இல்லயாம். நெட்ல போட்டுருக்கான். இப்பவே வேற லைன் பாருங்க."

அண்ணன் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்:

"எதிர்காலம் இல்லாட்டி போவுது. நிகழ்காலத்துல மூக்கு அடைக்குதே, அதுக்கு ஏதாச்சும் நெட்ல போட்டுருக்கானா பாரு."

சித்தப்பா மகன் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அண்ணன் வேடிக்கையாகச் சொன்னால் நாங்கள் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்வோம். அது எங்கள் வீட்டுப் பழக்கம். அவர் போன பிறகு அதே பக்கத்தை நான் தேடி எடுத்து, பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டே மேலிருந்து கீழ்வரை படித்தேன். எத்தனை பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்கள், எந்த இயந்திரம் அவர்கள் இடத்துக்கு வரும் என்று எல்லாம் இருந்தது. மரத்தூள் என்ற சொல் எங்கேயும் இல்லை. வேலைக்கு வரக்கூடிய ஆபத்தை அவ்வளவு நுணுக்கமாகக் கணித்தவர்களுக்கு, வேலை செய்பவருக்கு வரக்கூடிய ஆபத்து நினைவுக்கே வரவில்லை.

அண்ணனுக்கு இடது மூக்கு அடைத்துக்கொண்டே இருந்தது. 'பீனிசம்' என்றோம். நம் பக்கத்தில் மூக்கடைக்காதவர் யார்? குளிர், பனிமூட்டம், ஈரம். மூக்கொழுகினால் மலையைக் குற்றம் சொல்லியே நாம் வளர்ந்தோம். ஆவி பிடித்தார். தைலம் தடவினார். தலைக்குக் குளிக்காதே என்று அம்மா சொன்னதைக் கேட்டு வெந்நீர் போட்டுக் குளித்தார். பீனிசம் இரண்டு மூக்கையும் மாறி மாறி அடைக்கும், இது ஒரே பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. கைக்குட்டையில் சிவப்பு தெரிந்தபோது மஹோகனித் தூள் என்றுதான் அண்ணி நினைத்தார். அந்தச் சிவப்பு எப்போது வேறு சிவப்பாக மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். அண்ணி, உங்களைச் சொல்லவில்லை. தூளுக்கும் இரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத நிறத்தில் ஒரு மனிதர் தினமும் வீட்டுக்கு வந்தது உங்கள் குற்றம் இல்லை.

அண்ணனுக்கு நோய் இருப்பது தெரிய வருவதற்கு முன்பே பட்டறைக்கு அந்த இயந்திரம் வந்தது. ரெண்டு வருசம், ரெண்டு வருசம் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் உண்மையாகவே வந்துவிட்டது. கணினியில் வரைந்து கொடுத்தால் மரத்தை அதுவாகவே செதுக்கும். உறவினர்கள் நினைத்ததுபோல அண்ணன் அதைப் பார்த்து ஒடிந்துபோகவில்லை. "நல்லா வெட்டுது மாப்ள. எனக்கு மூணு நாள் எடுக்குற பல்லெல்லாம் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிருது" என்று என் கணவரிடம் சந்தோசமாகத்தான் சொன்னார். துண்டுகளை ஒட்டுவது, மூலைகளை உருட்டுவது, வழவழப்பாகத் தேய்ப்பது, வார்னிஷ் பூசுவது ஆகியவை கைக்கே மிஞ்சின. இயந்திரம் வேகமாக வெட்டியதால் கூடுதலாக வேலை எடுத்தார்கள். கூடுதலாக வேலை வந்ததால் தேய்க்க வேண்டியதும் கூடியது. அண்ணனின் வேலையில் இயந்திரம் எடுத்துக்கொண்டது தூள் குறைந்த பகுதியைத்தான். தூள் நிறைந்த பகுதியை அவருக்கே விட்டுவிட்டது.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு யாராவது என்னைக் கோபக்காரி என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் சிங்களவர், கொழும்புப் பக்கம். அண்ணனின் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் முதலாளியிடம் கடுமையாகவே பேசியிருக்கிறார். இவ்வளவு தூள் இருக்கிற இடத்தில் இயந்திரத்தை வைக்க முடியாது. தூள் அதன் வெட்டும் தலை ஓடும் தண்டவாளங்களில் படிந்தால் தேய்ந்துவிடும், கெட்டுப்போனால் கம்பெனி பொறுப்பெடுக்காது. தூள் இழுக்கும் இயந்திரமும் குழாயும் போட்டால்தான் பொருத்துவேன் என்றாராம்.

அந்த வாரமே போட்டார்கள். ஜன்னல் பக்கச் சுவரில் ஓட்டை போட்டார்கள். யானைத் தும்பிக்கை போல ஒரு பெரிய குழாய் வந்தது. இயந்திரத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பும் வந்தது. அண்ணன் வருடக்கணக்காகக் கேட்டது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக்கு வந்தது. அண்ணனின் தேய்க்கும் மேசை இந்தப் பக்கத்தில் இருந்தது.

அந்த வருட ஆயுத பூசைக்கு நான் பிள்ளையோடு பட்டறைக்குப் போயிருந்தேன். வழக்கம்போல உளிகள், அரங்கள், சுத்தியல்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். புது இயந்திரத்துக்குப் பெரிய மாலை. பூசாரி ஐயா கற்பூரத் தட்டோடு கண்ணாடிக் கதவைத் திறக்கப் போனார். முதலாளி ஓடிவந்து மறித்தார்.

"சாமி, சாமி, உள்ள வேணாம். பொகை ஆகாது. சாம்பல் கீம்பல் விழுந்துரும். வெளியவே நின்னு காட்டிருங்க."

பூசாரி ஐயா கண்ணாடிக்கு வெளியே நின்று இயந்திரத்துக்குத் தீபாராதனை காட்டினார். கற்பூரப் புகை அண்ணனின் மேசைப் பக்கம் மெதுவாக நகர்ந்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் கணவரின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"பாத்தியா மாப்ள. கற்பூரப் பொகையே ஆகாதாம். குடுத்து வச்சவரு. எனக்கு மூக்கு இருக்கு, குழாய் இல்ல. அவருக்கு மூக்கே இல்ல, குழாய் இருக்கு."

"சும்மா இருங்க மச்சான், மொதலாளிக்குக் கேட்டுரும்."

"கேக்கட்டுமே. வருசா வருசம் கேக்காத காதா இப்பக் கேக்கப் போவுது?"

அன்றைக்குச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கலைந்து போனோம். பிறகு அண்ணனுக்குக் கன்னம் மரத்தது. மேல் பற்கள் ஆடின. கண் வீங்கியது. கண்டிக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர், படங்களைப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். அண்ணன் சொன்னார். எத்தனை வருடம், என்ன மரம், அறையில் காற்று வெளியேற வழி இருந்ததா என்று டாக்டர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். இதனால்தான் வந்தது என்று ஒருவரின் நோயைக் காட்டிச் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் தேக்கு போன்ற மரங்களின் தூளை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்கு இந்த நோய் வருவது தெரிந்த விசயம்தான் என்றார். டாக்டர் சொன்ன அந்த 'ஆனால்' வரைக்கும்தான் நானும் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை.

அண்ணன் அறுவைச் சிகிச்சைக்குப் போனார். கதிர்ச் சிகிச்சைக்குப் போனார். முகம் மாறிப்போன பிறகும் சட்டையைத் தேய்த்துத்தான் போட்டார். பேச்சு குழறியது, ஆனாலும் நிற்கவில்லை. கடைசியாக என் மகளைப் பார்த்தபோது அவளுக்குச் சளி. மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் கையைக் காட்டி அவளை அருகே கூப்பிட்டு, ஒரு மூக்கைப் பொத்தி மறு மூக்கை ஊதச் சொன்னார். பிறகு மறுபக்கம். இரண்டும் மாறி மாறி அடைக்கிறதா என்று பார்த்தார். "இது சளிதான் தங்கச்சி. பயப்படாத" என்றார். சில நாட்களில், அண்ணி பக்கத்தில் இருக்க, விடிந்த பிறகு போனார். அவருக்கு ஐம்பது ஆகவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கு மூக்கு அடைத்தாலும் ஒரு பக்கத்தைப் பொத்தி மறுபக்கத்தை ஊதச் சொல்கிறேன். தூங்கும் மகளின் மூக்குக்கு அருகே காதை வைத்துப் பார்க்கிறேன். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும்.

நான் இந்தக் கட்டுரையைச் சித்தப்பா மகனிடமிருந்து வாங்கி நானே எழுதியதற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது. அண்ணனின் மேசை ஒரு வருடமாக ஆளில்லாமல் கிடக்கிறது. இயந்திரம் வெட்டிய அச்சுகள் தேய்க்கப்படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். போன மாதம் முதலாளி என் கணவரைக் கூப்பிட்டார். மச்சானின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீதான், மண் வேலையை விட்டுவிட்டு அந்த மேசைக்கு வா, சம்பளமும் கூட்டித் தருகிறேன் என்றார். என் கணவர் குழாயைப் பற்றிக் கேட்டார். முதலாளி சொன்ன பதிலை அவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"தேய்க்கிறதுக்கும் மெஷின் வருதாம் புள்ள. ரெண்டு வருசத்துல. அதுவரைக்கும் மாஸ்க் போட்டுக்கச் சொல்றாரு."

கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திதி முடியட்டும், அதுக்கு அடுத்த திங்கக்கெழம சொல்றேன்னேன். யோசிச்சுப் பாரு. நான் இல்லேன்னா வேற எவனையாச்சும் ஒக்கார வைப்பாரு. மண்ணு வேலையில இருந்தும் தூக்கிட்டா?"

"அண்ணன் அம்மாவோட பழைய சீலையக் கிழிச்சு மூக்குல கட்டிக்கிட்டுத்தான் வேல செஞ்சாங்க. அதுவும் மாஸ்க்குதான?"

அவர் பயப்படுகிறார். நானும் பயப்படுகிறேன். நான் இதை அச்சடித்து, அதனால் அவர் வேலை போனால், பிள்ளைக்குப் பால் மாவு வாங்க யாரிடம் போய் நிற்பது? அச்சடிக்காமல் விட்டு, அவர் அந்த மேசையில் உட்கார்ந்தால்? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். கடைசியில் எழுதியதை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். அண்ணி அரிசி களையும் அரிக்கன் சட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு முழுவதையும் படித்தார்.

"எழுதும்மா. அப்படியே எழுது. ஆனா மொதலாளி கண்டிக்கு வேன் குடுத்து விட்டதையும் எழுதணும். இல்லேன்னா ஒங்கண்ணனுக்குப் புடிக்காது."

ஆகவே எழுதுகிறேன். கண்டிக்குப் போய்வரப் பலமுறை தன் வேனைக் கொடுத்தவர் முதலாளி. பதினாறாம் நாள் கருமாதிக்கு அரிசி அனுப்பியவர். பாடைக்குத் தோள் கொடுத்தவர். பாடைக்குப் பின்னால் அவர் அழுததை நாங்கள் பார்த்தோம். அது உண்மையான அழுகை. எனக்கு விளங்காதது அதுதான். இவ்வளவு அன்புள்ள ஒருவருக்கு ஒரு குழாயை ஏன் கொடுக்க முடியவில்லை? அவர் அண்ணனை வெறுத்திருந்தால் எனக்கு இந்தக் கோபம் சுலபமாக இருந்திருக்கும். அவர் அண்ணனை வெறுக்கவில்லை. அண்ணனின் வேலை முடிந்துவிட்டது என்று முன்கூட்டியே நம்பிவிட்டார். முடிந்துபோன வேலைக்குள் ஓர் ஆள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அதனால் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

தம்பி, உன் கட்டுரையை நான் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டால், பழி சொல்ல எல்லோருக்கும் வசதியாக இருக்கும், பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அந்த இயந்திரம் நம் அண்ணனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. சொல்லப்போனால் அந்த அறையில் ஒரு குழாயைப் போட வைத்தது அது மட்டும்தான்.

அண்ணனின் உளிகளையும் அந்த நீண்ட அடிமட்டத்தையும் எடுத்து வரப் பட்டறைக்குப் போயிருந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கும் அண்ணனின் மேசைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பூ அளப்பதுபோல முழம் போட்டே பார்த்தேன். நான்கு முழம். ஒரு வளைவும் நான்கு முழக் குழாயும் போதும். மெஷின் வருகிறது, வேலை போகிறது, யுகம் மாறுகிறது என்றெல்லாம் பேசுகிறோமே, நடுவில் இருப்பது அவ்வளவுதான்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணன் நோயுற்றிருந்த காலத்தில் முறை வைத்துச் சோறு கொண்டுவந்த எங்கள் லயத்தின் பெண்கள் அனைவருக்கும், கண்டி ஆஸ்பத்திரியில் அண்ணனின் கேலிக்கெல்லாம் பதில் கேலி சொன்ன தாதிமாருக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட அந்த டாக்டருக்கும், இரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் மழையிலும் தப்படித்து வந்தவர்களுக்கும், கொட்டகலையிலிருந்தும் திம்புள்ளப் பக்கத்திலிருந்தும் வந்த உறவினர்களுக்கும், வேனும் அரிசியும் தோளும் கொடுத்த முதலாளி ஐயாவுக்கும், அண்ணனைப் பற்றி அன்போடு எழுத முன்வந்த தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இயந்திரத்தைப் பொருத்த வந்து, தூளோடு வைக்க மாட்டேன் என்று கண்டிப்பாக நின்ற அந்தப் பெயர் தெரியாத சகோதரருக்கும் நன்றி. அவர் அண்ணனுக்காகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர்தான் சொன்னார்.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. குழாயை அந்த மேசை வரைக்கும் யார் இழுத்துப் போடுகிறாரோ அவருக்கான நன்றி அது. அவர் பெயரை எழுத இந்தப் பக்கத்தின் அடியில் இடம் விடச் சொன்னேன். அச்சகத்தில் இருந்தவர், "இடம் சும்மா கெடக்குதே மிஸ், ஒரு தாமரப் பூ போட்டு விடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இந்த மலரின் முதல் பிரதியைத் திதி அன்று அண்ணியே முதலாளி ஐயாவின் கையில் கொடுப்பார். அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை என் கணவர் வழக்கம்போல சோற்றுப் பெட்டியோடு பட்டறைக்குப் போவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குழாய் வந்திருந்தால் அண்ணனின் மேசையில் உட்காருவார். வரவில்லையென்றால், முடியாது என்று சொல்லிவிட்டு, கட்டிக் கொடுத்த சோற்றை வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நேற்று இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டோம். பயம் போகவில்லை. ஆனாலும் முடித்துவிட்டோம்.

இப்படிக்கு,
தங்கச்சி